முப்பது ராத்திரிச் சாப்பாடு

ஆவுடையப்பனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், மூச்சிரைக்க ஆசிரமத்துச் சமையலறைக்குள் வந்து நின்றார். குரு இசக்கியம்மை மாவு கரைத்துக்கொண்டிருந்தார். சீடரைவிட அவருக்கு இருபது வயது குறைவு.

"அம்மா, மகன் நாளைக்கு வாரான்! பெண்டாட்டி பிள்ளையோட. ஒரு மாசம் இருப்பானாம்!"

"அஞ்சு வருசமா பேச்சே இல்லைன்னீங்களே?"

"அவனே போன் போட்டுட்டான். இனி நான்தான் பேசணும். கோபத்துல வீட்டை விட்டுப் போன்னு சொன்னவன் நான்தானே? ராத்திரி எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டா பேச்சு தானா வந்துரும். இதைப் பாருங்க!"

ஓர் அட்டையை விரித்தார். முப்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகாரம்.

"பஸ் விடப் போறீங்களா, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் சிரித்தார். விரல் நிற்காமல் ஓடியது.

"முதல் நாள் முறுகல் தோசை. அப்புறம் அடை, ஆப்பம், ஊத்தப்பம், ரவா தோசை. எல்லாம் சுடச்சுட. ஆறிப்போனா அவன் தொட மாட்டான். நானே நின்னு சுட்டுப் போடுவேன். ஏதாவது விட்டுப்போச்சா?"

"பசிக்குதா உங்களுக்கு?"

"லேசா."

"உட்காருங்க. சேர்ந்து சாப்பிடுவோம்."

குரு எதிரெதிரே இரண்டு தட்டு வைத்தார். கல்லில் மாவை ஊற்றினார். முதல் தோசை சீடரின் தட்டுக்கு வந்தது. இரண்டாவதும்.

"அம்மா, அவன்கிட்ட எப்படி ஆரம்பிக்கட்டும்? தப்பு என் மேலதான்னு நேரா சொல்லிரவா?"

குருவின் முகம் கல்லைப் பார்த்தே இருந்தது. "சட்னி போதுமா?"

"போதும். நீங்க வந்து உட்காருங்க."

"இந்தாங்க, இது ஒண்ணு. கருகிரும்."

நான்காவது தோசையோடு சீடருக்கு வயிறு நிறைந்தது. கை கழுவிவிட்டு வந்தார். அப்போதுதான் குரு தன் தட்டின் முன் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, எழுந்திரிச்சுட்டீங்க?"

"சாப்பிட்டாச்சே அம்மா."

குரு தனியாகச் சாப்பிட்டார். ஆவுடையப்பன் காலியாகக் கிடந்த தன் இடத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து முதல் கட்டத்தை அடித்தார். இரண்டாவதை அடித்தார். முப்பதையும் அடித்து முடித்தபோது அவர் கண் பளபளத்தது.

"அப்ப முதல் நாளைக்கு என்ன எழுதட்டும்? சொல்லுங்கம்மா, காலையில வண்டி வந்துரும்!"

"அடுப்பை அணைச்ச பிறகு பரிமாறுற மாதிரி எதையாவது எழுதுங்க" என்றார் குரு.