ஒரே ஓர் ஆஸ்பத்திரி

மலைநாட்டில் ஒரே ஓர் ஆஸ்பத்திரி கட்ட அரசாங்கம் முடிவு செய்தது. எங்கே கட்டலாம் என்று சொல்லும் பொறுப்பு சித்தம்மையின் சீடன் மாறநாதனிடம் வந்தது.

அவன் எல்லா ஊர்களுக்கும் நடந்தான். எந்த ஊரில் எத்தனை பேர், நோயாளியைச் சுமந்துகொண்டு வந்தால் அங்கிருந்து எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டான். கடைசியில் வரைபடத்தில் முல்லையாற்றைக் குறித்தான். பெரும்பாலோர் பொழுது சாய்வதற்குள் வந்துவிடக்கூடிய இடம் அது. ஆஸ்பத்திரி அங்கேயே எழுந்தது.

அந்த மழைக்காலத்தில் கரடிப்பாறையிலிருந்து சடையன் என்பவன், பிரசவ வலியில் துடித்த மனைவியைத் தூளி கட்டித் தூக்கி வந்தான். இரண்டு மலை தாண்ட வேண்டும். வாசலில் இறக்கியபோது அவள் உயிரோடு இல்லை. பிள்ளையும் இல்லை.

மாறநாதன் குருவிடம் ஓடினான்.

"அம்மா, என் கணக்கில் எங்கே பிழை?"

சித்தம்மை வரைபடத்தை விரிக்கச் சொன்னார். ஒரு கூழாங்கல்லை அவன் கையில் கொடுத்தார்.

"இதுதான் ஆஸ்பத்திரி. நகர்த்து."

அவன் கல்லைக் கரடிப்பாறையில் வைத்தான்.

"இப்போது யாருக்குத் தூரம்?"

"தேன்மலைக்காரர்களுக்கு. அங்கே ஆட்கள் அதிகம்."

"நகர்த்து."

தேன்மலைப் பக்கம் தள்ளினான்.

"இப்போது?"

"ஆற்றோரத்து ஊர்கள் அத்தனைக்கும்."

"நகர்த்து."

வைத்து வைத்து எடுத்தான். எங்கெங்கோ போன கல் முல்லையாற்றுக்கே வந்து நின்றது.

"பிழை இல்லை" என்றார் சித்தம்மை. "போய்ச் சடையனிடம் சொல்லிவிட்டு வா."

மாறநாதன் இரண்டு மலை ஏறிப் போனான். திரும்பி வந்தவன் குருவின் எதிரே உட்காரவில்லை.

"சொன்னாயா?"

"எல்லாம் விளக்கிச் சொன்னேன், அம்மா. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான்."

"கோபப்பட்டானா?"

"இல்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான். 'எங்க ஊருல எத்தனை பேரு இருந்திருந்தா இங்கேயே கட்டியிருப்பீங்க, சாமி?' என்றான்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்."

சித்தம்மை அவன் முகத்தைப் பார்த்தார்.

"விடை தெரியாமல் எழுந்து வந்தாயா? தெரிந்து எழுந்து வந்தாயா?"