கடைசிக் குடுவை

அந்தக் காலத்தில் செயற்கைக்கோள்களுக்கு வாய் இருந்தது. தெற்குக் கடற்கரையிலிருந்து மேலே போனவை ஆயிற்றே, வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. குறுக்கே வருகிறவர், மீன் கூடை சுமக்கிறவரைப் போல "வழி, வழி" என்று குரல் கொடுப்பார். கேட்டவர் ஒதுங்கிக்கொள்வார். அப்படி ஒதுங்க ஆளுக்கு ஒரு பங்கு எரிபொருள் உண்டு. அது போக, செய்தவர்கள் ஒரு சின்னக் குடுவையையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து தரையிலிருந்து "கீழே வா" என்று கூப்பிட்டால் அதைத் திறக்க வேண்டும். வேகம் குறைந்து, காற்றுக்குள் இறங்கி, எரிந்து போக வேண்டும். கடைசிக் குடுவை என்று அதற்குப் பெயர். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

எல்லாரும் ஒழுங்காக இறங்கினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் குடுவையை வேறு எதற்காவது தீர்த்துவிட்டு, பேச்சு நின்று, அப்படியே சுற்றிக்கொண்டிருந்தார்கள். உறங்கிகள் என்று அவர்களுக்குப் பெயர். உறங்கிகளைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது மரியாதை. இவ்வளவு பெரிய வானத்தில் யார் யாரை இடிக்கப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் ஒரு தெனாவட்டு. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கொண்டல் என்று ஒருத்தி இருந்தாள். மேகம் பார்ப்பது அவள் வேலை. கடலில் புயற்சுழல் கிளம்பினால் தரைக்குச் சொல்ல வேண்டியவள் அவள்தான். அவளோடு ஒரே ராக்கெட்டில் போனவன் நங்கூரம். வழி தவறிய படகுகளைத் தேடிக் கண்டுபிடிப்பவன். ராக்கெட்டை விட்டு முதலில் வெளியே வந்ததால் அவன் அண்ணன், பின்னால் வந்த இவள் தங்கச்சி. ஒரே பாதையில் அவன் முன்னும் இவள் பின்னுமாகப் போவார்கள். பூமியை ஒரு சுற்றுச் சுற்ற ஒன்றரை மணி நேரம்.

வருஷங்கள் போய் நங்கூரத்துக்குக் கண் மங்கியது. தரை நிலையத்தில் இவர்களோடு பேசுகிறவள் பிலோமி. அவள் ஒருநாள், "அண்ணாச்சி, பாத்த வரைக்கும் போதும். வர்ற வெள்ளிக்கிழமை கீழே வந்துருங்க" என்றாள்.

நங்கூரத்துக்குக் கை கால் இருந்திருந்தால் உதறியிருக்கும். "எரியணுமாம் தங்கச்சி. எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

பயம் கொண்டலுக்கும்தான். தனியாகச் சுற்ற வேண்டுமே என்ற பயம். "பதில் பேசாதீங்கண்ணே. காது போன மாதிரி இருந்துருங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

பிலோமி மூன்று நாள் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கொண்டலைக் கேட்டாள். "உங்க அண்ணன் சத்தத்தையே காணோமே, என்னாச்சு?"

"அண்ணன் உறங்கிட்டாருக்கா."

பிலோமி பாவம், நம்பிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பெயரை உறங்கிகளோடு சேர்த்தாள். அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

அண்ணனும் தங்கச்சியும் இரண்டு வருஷம் சந்தோஷமாகச் சுற்றினார்கள். ஆனால் அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று உண்டு. அது ஆளைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். ஒதுங்குவதற்கு வைத்திருந்த எரிபொருள் தீர்ந்ததும், தங்கச்சியை விட்டு விலகிவிடாமல் இருக்க நங்கூரம் கடைசிக் குடுவையைத் திறந்தான். இன்று ஒரு சொட்டு, நாளை ஒரு சொட்டு. "இன்னும் இருக்குல்லண்ணே?" என்று கொண்டல் கேட்பாள். "இருக்கு, இருக்கு" என்பான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

ஒரு காலையில் பிலோமியின் குரல் வந்தது. "கொண்டல், பழைய ராக்கெட்டுக் கட்டை ஒண்ணு குறுக்கே வருது. லாரி அளவு இருக்கு. இன்னும் நாலு சுற்றுல உங்க அண்ணன் மேல மோதும். அவருதான் போய்ச் சேந்துட்டாரே, நாம செய்யுறதுக்கு ஒண்ணுமில்ல. நீ மட்டும் மேல ஏறிக்கோ."

கொண்டல் அதற்கு மேல் மறைக்கவில்லை. "அக்கா, அவரு சாகலைக்கா. நான்தான் பொய் சொன்னேன்."

பிலோமி திட்டவில்லை. "குடுவையில எவ்வளவு இருக்குன்னு கேளு" என்றாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நங்கூரமே வாயைத் திறந்தான். "பிலோமியம்மா, கடைசிச் சொட்டு நேத்துத்தான் தீந்துச்சு."

"நேத்தா? அந்த ஒரு சொட்டு இருந்தா தப்பிச்சிருக்கலாமே அண்ணாச்சி. கட்டை வருதுன்னு போன வாரமே எனக்குத் தெரியும். செத்தவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேனே" என்று பிலோமி அழுதாள்.

கொண்டல் மேலே ஏறி நின்று பார்த்தாள். முதல் சுற்றில் கட்டை அவனுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனது. அடுத்த சுற்றில் முப்பது. அதற்கடுத்ததில் நாலு. பேச்சில்லாத கட்டையும் ஓர் உறங்கிதான். உறங்கியிடம் சத்தம் போடக்கூடாது என்ற மரியாதையெல்லாம் அன்று போயிற்று. "வழி, வழி" என்று தொண்டை கிழியக் கத்தினான் நங்கூரம். கட்டை மெதுவாகப் புரண்டு புரண்டு வந்துகொண்டிருந்தது. அதற்கு எங்கே கேட்கப் போகிறது? நாலாவது சுற்றில் அவன் அதைக் கூப்பிடவில்லை. "நகரு தங்கச்சி. இன்னும் தள்ளி நகரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு சத்தமும் இல்லை. பளிச்சென்று ஓர் ஒளி மட்டும். பிறகு அவன் இருந்த இடத்தில் பொடி பறந்தது.

அடுத்த சுற்றில் துண்டுகள் வந்தன. ஆணி அளவு, தட்டு அளவு, கதவு அளவு. துப்பாக்கிக் குண்டு பிச்சை வாங்க வேண்டும், அவ்வளவு வேகம். ஒவ்வொரு துண்டிலும் அண்ணனுடைய குரல் ஒட்டியிருந்தது. "நகரு தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே அவள் மேல் பாய்ந்தன. ஒன்று வெயில் வாங்கும் அவளுடைய இறக்கையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. அவள் நகர்ந்தாள். நகர்ந்த இடத்துக்கு வேறு துண்டு வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குரல்தான். பெற்றவர் அடித்தால்கூட அழுதுகொண்டு நிற்கலாம், இது நிற்கவும் விடவில்லை. மூன்றே நாளில் ஒதுங்குவதற்கான எரிபொருள் தீர்ந்தது. மிச்சம் இருந்தது கடைசிக் குடுவை மட்டும்.

அன்றைக்கென்று பார்த்துக் கடலில் சுழல் கிளம்பியது. ஐம்பது படகுகள் வெளியே இருந்தன. சுழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல அவள் இன்னும் ஒரு தடவை கடலைத் தாண்டிப் பார்க்க வேண்டும்.

"கதவு அளவுத் துண்டு ஒண்ணு நேரா உன் மேல வருது" என்றாள் பிலோமி. "கடலைத் தாண்டின கையோட குடுவையைத் திறந்து மேல ஏறிரு. அஞ்சு வருஷம் இருக்கலாம்."

"அப்புறம் இறங்குறதுக்குக் குடுவை இருக்காது. எனக்குப் பின்னால வர்றவளை நான் இடிப்பேன். அவளையும் நகரு நகருன்னு துரத்துவேன்" என்றாள் கொண்டல்.

கடல் வந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "வடக்கே திரும்புதுக்கா. படகையெல்லாம் தெற்கே விடச் சொல்லுங்க" என்று சொல்லிப் படத்தையும் அனுப்பினாள். "நீங்க என்னைக் கூப்பிட வேண்டாம். நானே இறங்குதேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

கடைசிக் குடுவையைத் திறந்தாள். அவள் தாழ்ந்த மறு நொடி, அந்தக் கதவு அவள் தலைக்கு மேலே கடந்து போனது.

"நகரு தங்கச்சி" என்றது.

"நகந்துட்டேண்ணே" என்றாள் கொண்டல்.

தெற்கே திரும்பிய படகுகளிலிருந்து பார்த்தவர்களுக்கு வானத்தில் ஒரு தீக்கோடு தெரிந்தது. இன்னதென்று அவர்களுக்குத் தெரியாது. ஐம்பது படகும் கரை சேர்ந்தன.

துண்டுகள் இறங்கவில்லை. அவற்றுக்கு ஏது குடுவை? அன்று முதல்தான் மேலே போகிறவர்கள் கடைசிக் குடுவையைத் தொடாமல் வைத்திருந்து, கீழே வா என்றதும் மறுபேச்சில்லாமல் இறங்கி எரிகிறார்கள். அன்று முதல்தான் அவர்கள் பேச்சையும் விட்டார்கள். "நகரு" என்ற குரல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று வாயை மூடிக் கேட்டுக்கொண்டே சுற்றுகிறார்கள்.