நார்த்தங்காய்க்கு நடந்த வைத்தியம்

வேங்கைக்குறிச்சியை ஆண்ட ராணி வடிவாம்பிகை எதற்கும் அஞ்சாதவள். மதம் பிடித்த யானையையே வழிமறித்து நின்றவள். அப்பேர்ப்பட்டவளை ஒரு கண்ணாடி கலங்கடித்துவிட்டது.

கப்பல் வியாபாரி ஒருவன் காணிக்கையாகக் கொடுத்த ஆளுயரக் கண்ணாடி அது. குளித்துவிட்டு வந்த ராணி அதில் திரும்பிப் பார்த்தாள். தொடையின் பின்பக்கம் குழி குழியாக இருந்தது. "ஐயோ, இது என்ன கண்றாவி!" என்று அலறினாள்.

அரண்மனை வைத்தியர் மருதவாணர் ஓடி வந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அரண்மனையில் அது எவ்வளவு பெரிய குறை என்று உங்களுக்கே தெரியும். திரைக்கு வெளியே நின்று தாதி சொன்னதையெல்லாம் கேட்டார்.

"தாயே, இது நோயே இல்லை. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மேலே முட்டுகிறது, நார்கள் கீழே இழுக்கின்றன. அவ்வளவுதான். பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. அடியோடு போக்கும் மருந்து என்னிடம் இல்லை."

"என்னிடம் இருக்கிறது!" என்று ஒருவர் முன்னால் வந்தார். அவர் வஜ்ரதேக பண்டிதர். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்ததும் அவரேதான். "இருபத்தொரு நாளில் குழி மறையும். மறைந்தால் வைத்தியர் பதவியும் மூலிகைத் தோட்டமும் எனக்கு. இந்தக் கையாலாகாதவர் நாட்டை விட்டே போக வேண்டும்."

ராணி இருந்த கோபத்தில் "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டாள். பாவம், மருதவாணருக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் போக்கிடம் கிடையாது.

அன்று மாலையே திரைக்கு வெளியே நின்றபடி பண்டிதர் விளக்குப் பரீட்சையை ஆரம்பித்தார். விளக்கைப் பிடித்தவள் உமையாள். சபையில் ஓலை வாசிப்பவள், ராணிக்குச் சின்ன வயதுத் தோழி, கொஞ்சம் வாய்த்துடுக்கு.

"விளக்கைத் தரையில் வையம்மா. காலுக்குப் பக்கவாட்டில். இன்னும் நெருக்கி!"

வைத்தாள். ஒவ்வொரு குழியும் கிணறு மாதிரி தெரிந்தது. ராணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பிறகு நடந்தது வைத்தியமா வதையா என்று கேட்காதீர்கள். கொள்ளு மாவைத் தேய்த்தார்கள். கடல் கடந்து வந்த ஏதோ கருப்புக் கொட்டையை அரைத்துப் பூசினார்கள். ஈரத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். தாதிகள் குழவியை எடுத்து மேலும் கீழும் உருட்டினார்கள்.

"அடிப்பாவிகளா, என்னைத் துவையல் அரைக்கிறீர்களா?" என்று ராணி கத்தியது கோட்டை வாசல்வரை கேட்டது.

இருபத்தொன்றாம் நாள் காலை சூரிய பரீட்சை. அந்தப்புர முற்றத்தில் இளவெயில் தொடையில் நேராக விழும்படி ராணி நிற்க வேண்டும், கண்ணாடியைப் பத்தடி தள்ளி வைக்க வேண்டும் என்பது பண்டிதரின் கட்டளை. கண்ணாடியை நகர்த்தி வைத்தவளும் உமையாள்தான்.

ராணி பார்த்தாள். "குழியைக் காணோம்!" என்று துள்ளினாள். அந்தச் சந்தோஷத்தில் யார் என்ன சொன்னாலும் ஏறாது. உமையாள் வாயை மூடிக்கொண்டாள்.

சபை கூடியது. மருதவாணர் மூட்டை முடிச்சோடு வந்து நின்றார். அப்போது உமையாள் எழுந்தாள்.

"தாயே, எனக்கும் வைத்தியம் வரும். நோயாளியையும் கொண்டுவந்திருக்கிறேன்."

மடியிலிருந்து ஒரு நார்த்தங்காயை எடுத்தாள். சபை கொல்லென்று சிரித்தது.

மண்டபத்தின் இருட்டு மூலையில் அதை வைத்து, பக்கவாட்டில் விளக்கை நெருக்கி வைத்தாள். "பண்டிதரே, நோய் எப்படி?"

பண்டிதர் வேடிக்கையாகக் குனிந்து பார்த்தார். "கடுமையான குழி நோய்!"

உமையாள் அரிசி கழுவிய தண்ணீரை அதன்மேல் தடவித் துடைத்தாள். வாசலில் வெயிலுக்கு நேராக வைத்துவிட்டு, எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள்.

"இப்போது?"

"வழவழவென்று இருக்கிறதே!" என்றார் மந்திரி.

மறுபடி காயை மூலைக்குக் கொண்டுபோனாள். விளக்கைப் பக்கத்தில் வைத்தாள். குழிகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

ராணியின் மூக்கு சிவந்தது. "உமையா, அந்த விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே வா" என்று எழுந்து போனாள்.

பண்டிதர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். காவலர்கள் அவரை அன்போடு தடுத்தார்கள்.

ராணி திரும்பி வந்து அரியணையில் உட்கார்ந்தாள். "மருதவாணரே, மூட்டையை அவிழும். உம்மை வாட்டியதற்கு வருந்துகிறேன். மூன்று வாரம் அரைபட்டதில் எனக்குப் பலனே இல்லையா?"

"தேய்த்ததில் தோல் கொஞ்சம் மிருதுவாகியிருக்கும், தாயே. நடந்தால் கால் வலுவாகும். குழி இருந்துவிட்டுப் போகட்டும்."

"இந்தப் பண்டிதரை என்ன செய்யலாம், உமையா?"

"அவருக்கு ஒரு வித்தை உண்மையாகவே தெரியும், தாயே. விளக்கை எங்கே வைத்தால் எது தெரியும், எது மறையும் என்பது. அரண்மனையில் எண்ணூறு விளக்குகள் இருக்கின்றன. தினமும் அவரே துடைத்து ஏற்றட்டும்."

ராணி அரியணையின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!"

உமையாள் நார்த்தங்காயை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். "என் நோயாளி எனக்குப் போதும், தாயே. ஊறுகாய் போடப் போகிறேன். வழவழப்பான காயில் உப்பு எங்கே பிடிக்கும்?"