விருபாட்சர் தலைமேல் வெண்குடை

முன்னொரு காலத்தில், அரண்மனைகளுக்கும் கணினி வந்து சேர்ந்துவிட்ட ஒரு காலத்தில், உதயசேனர் என்னும் மன்னர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். அவருடைய தாயார் பூங்கோதைத் தேவியார் இறையன்பில் தோய்ந்தவர். வைகறையில் நீராடி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, தம் அறையிலிருந்த கணினியின் முன் அமர்ந்து, பதிகங்களைப் பண்ணோடு பாடிப் பதிந்துவைப்பது அந்த அம்மையாரின் முதுமைக்கால வழிபாடாக இருந்தது. இக்கதை நடந்த நாளின் மறுநாளோடு, அவர் இறைவன் திருவடி சேர்ந்து ஓராண்டு நிறைய இருந்தது. அந்த நிறைவு நாளின் திருப்பள்ளியெழுச்சி வேளையில் அன்னையின் குரலே கோயில் சந்நிதியில் ஒலிக்க வேண்டும் என்று மன்னர் ஆசைகொண்டார்.

தேவியாரின் பழைய கணினி இதற்குள் பழுதாகியிருந்தது. யந்திராதிகாரி விருபாட்சர் அதிலிருந்த கோப்புகளையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்து, மன்னரின் அறையிலிருந்த புதிய கணினியில் சேர்த்திருந்தார். மன்னர் ஆவலோடு முதற் பதிகத்தின் மேல் சுட்டியை வைத்து அழுத்தினார். திரையில் ஒரு வரி தோன்றியது.

'அனுமதி மறுக்கப்பட்டது. இக்கோப்பைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை.'

இரண்டாம் பதிகமும் அதையே சொன்னது. மூன்றாவதும் அவ்வாறே. மன்னர் எழுந்து அவைக்கு வந்து, திரை சொன்னதைச் சொன்னார்.

"என் தாயின் குரலைக் கேட்க எனக்கு உரிமை இல்லையா?" என்றார் மன்னர். அவர் குரல் உயரவில்லை. அதனாலேயே அவையினர் அஞ்சினர்.

முதலமைச்சர் கங்காதரர், "அரண்மனைப் பாடகியரைக் கொண்டு புதிதாகப் பாடச் செய்துவிடலாமே, பிரபு. இவர்கள் சாரீரம் இன்னும் இனிமையாக…" என்று தொடங்கினார். மன்னர் நிமிர்ந்து பார்த்த பார்வையில், மிச்சத்தை விழுங்கிக்கொண்டு ஒரு தூணின் பக்கமாக ஒதுங்கினார்.

விருபாட்சர் கைகட்டி முன்வந்தார். "அடியேன் எல்லா வழிகளிலும் முயன்று பார்த்துவிட்டேன். மனிதரால் ஆகக்கூடியது அன்று. ஆயினும், எத்தகைய முடிச்சையும் சிரித்துக்கொண்டே அவிழ்ப்பவர் ஒருவர் நம் அவையில் இருக்கிறார் அல்லவா? போன வாரம்கூட என் தலைப்பாகையைப் பார்த்து, 'உள்ளே எதுவும் இல்லாததால்தான் இத்தனை சுற்றா?' என்று கேட்டார். அந்த மேதை இதற்கும் வழி சொல்லட்டும்."

அவர் சுட்டியது விகடகவி நாவுடையானை. அவன் தோற்று அவையைவிட்டுப் போய்விட்டால், மறுநாள் விடியுமுன் தாமே கோப்புகளைத் திறந்து பரிசு பெறலாம் என்பது விருபாட்சரின் உள்ளக் கணக்கு.

துயரமும் சினமும் கலந்திருந்த மன்னர் ஆணையிட்டார். "நாவுடையா, விளக்கேற்றும் வேளைக்குள் என் அறைக் கணினி அரசனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். இல்லையேல் நீ இந்நாட்டின் எல்லையைக் கடந்துவிட வேண்டும்."

"உத்தரவு, அரசே" என்றான் நாவுடையான். பிறந்த ஊரையும் வணங்கும் கோயிலையும் விட்டுப் போவது அவனுக்கும் எளிதன்று. அப்போது அவன் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

மன்னரின் அறைக்குச் சென்று கணினியின் முன் அமர்ந்தான். மன்னர் அருகில் நின்றார். முதலில் மன்னரின் வேட்டைப் படங்களைத் திறந்து பார்த்தான், திறந்தன. தேவியாரின் கோப்புறையை மட்டும் திறக்க முடியவில்லை. அதன் விவரப் பக்கத்தை வரவழைத்து, 'உரிமையாளர்' என்ற இடத்தைப் பார்த்தான். அங்கே பெயர் இல்லை. நீண்டதோர் எண் மட்டும் இருந்தது.

"இது என்ன எண்?" என்றார் மன்னர்.

"தங்கள் அன்னையார், அரசே. பழைய கணினி அவரை இந்த எண்ணால்தான் அறிந்திருந்தது. இந்தப் புதியதற்கு அவர் யாரென்று தெரியாது. ஆனால் பாடல்கள் அவருடையவை என்பதை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறது. அவருடைய பொருளை வேறு யாரும் தொடக்கூடாது என்று காவல் நிற்கிறது. பகை இல்லை, அரசே. விசுவாசம்தான்."

மன்னர் அந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சினம் எங்கோ போயிற்று.

"உரிமையைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் போதும்" என்று நாவுடையான் அதற்குரிய பொத்தானை அழுத்தினான். கணினி மறித்தது.

'நிர்வாகியின் அனுமதி தேவை. நிர்வாகி: விருபாட்சர். கடவுச்சொல்லை இடுக.'

மன்னரின் பெயர் எங்கே என்று தேடினான். 'சாதாரணப் பயனர்' என்ற வரிசையில், மகுடம் முதலான எந்த அடையாளமும் இன்றி அது இருந்தது. நாவுடையான் மெல்ல எழுந்தான்.

"ஆணையை ஒருமுறை தெளிவுபடுத்திக்கொள்கிறேன். இக்கணினி யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும்?"

"அரசனுக்கு."

"வேறு எவருக்கும்?"

"அரசன் ஒருவனுக்கே."

"மிக்க மகிழ்ச்சி, அரசே. ஆணை முன்பே நிறைவேறியிருக்கிறது" என்றான் நாவுடையான். நேரே அவைக்குப் போய், அரியணைக்கு மேலிருந்த வெண்கொற்றக்குடையைக் கழற்றி எடுத்து, விருபாட்சரின் தலைக்கு மேல் பிடித்தான். மறு கையால் கவரி வீசினான்.

"ஓய், என்ன இது?" என்று விருபாட்சர் குடைக்கு வெளியே நகர்ந்தார். குடையும் கூடவே நகர்ந்தது.

"வேந்தே, எளியேன் விண்ணப்பம்" என்றான் நாவுடையான். "உதயசேனர் என்றொரு சாதாரணப் பயனர், தம் தாயின் பாட்டைக் கேட்கத் தங்கள் வாயிலில் காத்திருக்கிறார். திருவுளம் இரங்கி, கடவுச்சொல் அருள வேண்டும்."

"குடையை எடும், ஐயா. என் கழுத்துக்கு ஆபத்து."

"கணினி அரசனுக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும் என்பது ஆணை. அது உமக்குக் கீழ்ப்படிகிறது. அப்படியானால் நீர் யார்? நான் ஆணையை மீறலாமா?"

பின்னால் வந்து நின்ற மன்னரைக் கண்டதும் விருபாட்சர் கைகூப்பினார். "அரசே, துரோகம் நினைக்கவில்லை. நிறுவியவன் நான்; என் பெயரை இட்டேன். ஒவ்வொன்றுக்கும் என்னை அழைப்பீர்கள் என்று ஒரு… ஒரு ஆசை."

"மனிதரால் ஆகக்கூடியது அன்று என்றீரே" என்றார் மன்னர்.

விருபாட்சர் அறைக்கு நடந்து, கடவுச்சொல்லை இட்டார். நாவுடையான் சொல்லச் சொல்ல, மன்னர் தம் கையாலேயே செய்தார். முதலில் நிர்வாகியாகத் தம் பெயரைச் சேர்த்து, விருபாட்சரைப் பயனராக்கினார். பின் கோப்புறையின் உரிமையை ஏற்று, உள்ளிருக்கும் அனைத்துக்கும் அது செல்லும்படி குறித்தார். இறுதியில், யாருக்கு என்ன அனுமதி என்று கணினி கேட்டது.

"எல்லோருக்கும் முழு உரிமை" என்றார் மன்னர். "இனி இந்நாட்டில் எவரும் என்னைப் போல் நிற்கக்கூடாது."

நாவுடையான் தயங்கினான். "கேட்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுங்கள். முழு உரிமை என்றால் மாற்றவும் அழிக்கவும் உரிமை, அரசே. நடுவே வரும் இருமலை ஒருவர் பக்தியோடு நீக்குவார். தாளம் தவறிய இடத்தை இன்னொருவர் திருத்துவார். பத்தாண்டு கழித்துக் குற்றமற்ற பாட்டு இருக்கும். தங்கள் அன்னை இருக்கமாட்டார்."

"மாற்றும் உரிமை எனக்கு மட்டும் இருக்கட்டுமா?"

"தங்களுக்கும் வேண்டாம். உரிமையாளர் நினைத்தால் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், கணினி தடுக்காது. தாங்கள்தான் தங்களைத் தடுத்துக்கொள்ள வேண்டும்."

மன்னர் எல்லோருக்கும் கேட்கும் உரிமையை மட்டும் குறித்தார். பின், தம் பெயருக்கு எதிரேயும், கேட்பதற்கான 'படித்தல்' என்பதை மட்டும் விட்டுவிட்டு, 'மாற்றுதல்' என்பதன் குறியைத் தாமே நீக்கினார். முதற் பதிகத்தின் மேல் அழுத்தினார்.

ஓர் இருமல் கேட்டது. பிறகு ஒரு பணிப்பெண்ணின் குரல்: "கதவைச் சாத்தட்டுமா, அம்மா?"

"வேண்டாம், திறந்தே இருக்கட்டும். உதயன் வந்தால் பாவம், தட்டிக்கொண்டு நிற்பான்." அதைத் தொடர்ந்து பாட்டு எழுந்தது.

பாட்டு முடிந்தது. மன்னர் கண்களைத் துடைத்துக்கொண்டார். துடைக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "தட்டிக்கொண்டுதான் நின்றேன், அம்மா. இந்த நாவுடையான்தான் வந்து திறந்துவிட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்கு அணிவித்தார். "இன்றுமுதல் நீயே யந்திராதிகாரி" என்றார்.

நாவுடையான் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "மாலை போதும், அரசே. பதவி விருபாட்சரிடமே இருக்கட்டும்; வேலை தெரிந்தவர். அதை நான் ஏற்றால், நாளை யாரேனும் ஒருவர் அந்தக் குடையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் ஓடிவருவார்."

மன்னர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிப்பு ஓயுமுன் விளக்கேற்றும் மணி ஒலித்தது. வெண்குடையை மடக்கி, பழைய இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்தியவர் விருபாட்சர்.