இடது பக்கத்து சீட்

"ஒன்பது பெரிய வண்டி ஓட்டிப் பாத்தாச்சு மாஸ்டரம்மா. எதை வாங்கன்னு ஒரு முடிவும் வரல."

சொன்னவர் பால்வண்ணம். அறுபத்தொரு வயது. கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறார். கார் ஓட்ட ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஜெசிந்தா. நாற்பது வயது. பைபாஸ் பக்கம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஜாதகத்தோடு ஜோசியரிடம் போகிற மாதிரி, வண்டி வாங்குகிறவர்கள் எல்லாம் அவரிடம் வந்து நிற்பார்கள். அவர் பேசுவதே குறைவு.

பால்வண்ணம் நோட்டைப் பிரித்தார். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம்.

"வெள்ளை வண்டி நூறுல போனாலும் அலுங்கல. கறுப்பு வண்டி இழுவைன்னா இழுவை, மேடே தெரியல. இன்னொண்ணுல கூரை திறக்குது. எதை விட, எதை எடுக்க?"

"யாருக்கு வாங்குதீங்க அண்ணாச்சி?"

"குடும்பத்துக்குத்தான். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போகணும். பேரனுக்கு அங்கதான் மொட்டை. எல்லாரும் ஒரே வண்டியில போகணும்னு ஆசை. மக என்னடான்னா, 'நாங்க பஸ்ல வந்துருதோம்ப்பா'ங்கா. போன வருஷமும் பஸ்தான். ஒரே கோயிலுக்கு அப்பன் ஒரு வழி, மக ஒரு வழி. பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

அவர் குரல் இறங்கியது.

"இந்த வருஷம் வீட்டுக்காரியும் மக கூடவே பஸ்ல வாராளாம். மனசே விட்டுப்போச்சு. வண்டி சிறுசு பாத்தீங்களா, அதான்."

"வண்டி சிறுசுன்னு அவங்க சொன்னாங்களா?"

"சொல்லணுமாக்கும்? நமக்குத் தெரியாதா?"

"ஒன்பது வண்டி ஓட்டினீங்களே, பக்கத்துல யாரு இருந்தா?"

"ஷோரூம்காரன். 'நல்லா மிதிங்க சார்'ன்னான். மிதிச்சேன்."

ஜெசிந்தா நோட்டை வாங்கி மூடினார்.

"பழைய வண்டி வாசல்லதான நிக்குது? வாங்க, ஒரு ரவுண்டு போவோம்."

பால்வண்ணம் ஓட்டினார். ஜெசிந்தா பின்னால் உட்கார்ந்தார்.

பால்வண்ணம் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தங்கமான மனுஷன். கடைக்கு வருகிறவர்களிடம் அதிர்ந்து பேசமாட்டார். ஸ்டியரிங்கில் கை வைத்தால் மட்டும் ஆளே வேறு. முன்னால் எவனாவது போனால், தன் சொத்தை அபகரித்துக்கொண்டு ஓடுகிறான் என்று நினைப்பு. துரத்துவார். ஒரு முழம் இருக்கும்போது பிரேக் போடுவார். ஹாரனை அமுக்கி, கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை விடுவார்.

திரும்பி வந்து நிறுத்தினார்.

"எப்படி? வண்டி பழசுன்னாலும் நம்ம கைக்கு அடங்குது பாத்தீங்களா?"

"சாவியக் குடுங்க. நீங்க இடது பக்கத்து சீட்டுக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை. தீப்பெட்டி ஆபீஸ் ரோடு காலியாகக் கிடந்தது. ஜெசிந்தா ஓட்டினார். பால்வண்ணம் எப்படி ஓட்டினாரோ, அச்சு அசல் அப்படியே.

ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. வண்டி அதை நோக்கிப் போனது. பால்வண்ணம் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தார். அது ஆடியது. ஒரு திருகு இல்லை.

"மாஸ்டரம்மா, லாரி."

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"யம்மா, நிறுத்துங்க! நிறுத்துங்கங்கேன்!"

ஒரு முழத்தில் நின்றது.

பால்வண்ணத்துக்கு வியர்த்துவிட்டது. வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"காலால என்ன தேடுதீங்க அண்ணாச்சி?"

"பிரேக்கு."

"அது எங்க ஸ்கூல் வண்டியிலதான் ரெண்டு பக்கமும் உண்டு. இதுல அந்தப் பக்கம் கிடையாது."

பால்வண்ணம் காலை எடுத்துவிட்டுக் குனிந்தார். குதிகால் இருந்த இடத்தில் கால் மேட் ஓட்டையாகியிருந்தது. கீழே தகரம் தெரிந்தது.

ஓட்டுகிறவர் பக்கத்து கால் மேட்டை எட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை.

ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"வீட்டுக்காரி செண்பகம் சொல்லிருக்கா," என்றார். "மெதுவாப் போங்கன்னு சொல்லுவா. அப்ப நீயே ஓட்டேன்னு சொல்லுவேன். இப்பல்லாம் சொல்றதில்லை."

ஜெசிந்தா வண்டியைத் திருப்பினார். போகும்போது மெதுவாகவே போனார். எந்த வண்டி வாங்குவது என்று பால்வண்ணம் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, டிரைவிங் ஸ்கூல் பெஞ்சில், பழக வந்தவர்களோடு பால்வண்ணமும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி? உங்களுக்குத்தான் லைசென்ஸ் இருக்கே?"

"அது ஆர்.டி.ஓ. குடுத்தது மாஸ்டரம்மா. வீட்டுக்காரி இன்னும் குடுக்கல."

இருபது நாள் ஸ்கூல் வண்டியை ஓட்டினார். முதல் நாள் ஜெசிந்தா தன் பக்கத்து பிரேக்கை முப்பத்தொரு தடவை மிதித்தார். ஐந்தாம் நாள் பதினாறு. பன்னிரண்டாம் நாள் ஒரு டவுன் பஸ் குறுக்கே வந்து காரியம் கெட்டது, மறுபடி இருபது. கடைசி நாள் மிதிக்கவே இல்லை.

அதற்கடுத்த வாரம் பால்வண்ணம் கறுப்பு வண்டி ஷோரூமுக்குப் போனார். இந்தத் தடவை செண்பகமும் கூட வந்தாள். வரமாட்டேன் என்றவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்திருந்தார்.

ஷோரூம்காரர் வழக்கம்போல முன் கதவைத் திறந்து ஏறப்போனார்.

"தம்பி, நீங்க பின்னால உக்காருங்க."

எட்டயபுரம் ரோட்டில் போனார்கள். ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு முன்னால் ஆடி ஆடிப் போனது. பால்வண்ணம் அதன் பின்னாலேயே போனார். எதிரே ரோடு காலிதான்.

ஷோரூம்காரருக்குப் பொறுக்கவில்லை.

"நல்லா மிதிங்க சார். அப்பதான வண்டி எப்படின்னு தெரியும்?"

பால்வண்ணம் இடது பக்கம், கீழே, ஒரு பார்வை பார்த்தார்.

செண்பகம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலைத் தூக்கி சீட்டில் மடக்கி வைத்திருந்தாள். போனில் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி உமையா, பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டியா? எடுக்காத. நாம அப்பா கூடவே போயிருவோம்."