சுட்டாமல் விட்ட பிழை

"என்னோடு யாரும் பேசுவதில்லை" என்றார் வெண்காடர்.

"யாருமேவா?" என்று கேட்டார் ஐயாறனார்.

வெண்காடர் யோசித்தார். தர்க்கம் படித்தவர்; 'யாரும்' எவ்வளவு பெரிய சொல் என்று தெரியும்.

"பால் ஊற்றும் இடைச்சி பேசுகிறாள். அதுவும் அளவைப் பற்றி மட்டும்."

ஐயாறனார் சிரிக்கவில்லை. இருவரும் இதே மடத்தில் ஒன்றாக அளவைநூலாகிய தர்க்கம் படித்தவர்கள். ஐயாறனார் இங்கேயே ஆசிரியராக அமர்ந்துவிட்டார். வெண்காடர் ஊர் ஊராகப் போய் வாதுகளில் வென்றார். வீட்டிலும் வென்றார்.

"மாலையில் என்ன செய்கிறாய்?"

"எதிரே ஒரு பலகையைப் போட்டு வாதிடுகிறேன். இரண்டு பக்கமும் நானே. இடம் மாறி மாறி உட்காருவேன்."

"உமைநங்கை எங்கே?"

"தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். 'இந்த வீட்டில் என் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை' என்றாள். 'ஒருநாளும்' என்றது பிழை. கேட்ட நாள் இரண்டை எடுத்துக் காட்டினேன்."

"அதற்கு என்ன சொன்னாள்?"

"வண்டி ஏறினாள்."

"வென்றுவிட்டாய்."

"வென்றேன்" என்றார் வெண்காடர். "அவளைத் திரும்ப அழைத்துவர ஒரு வாதம் சொல்லிக்கொடுங்கள், ஐயா. இனி நான் உங்கள் மாணாக்கன்."

"தோல்வித்தானங்கள் எத்தனை?"

"வாதத்தில் தோற்க இருபத்திரண்டு வழி. ஒன்றிலும் நான் விழுந்ததில்லை."

"எதில் விழுவது கடினம்?"

"எதிராளி பிழை செய்தும் சுட்டாமல் விடுவதில். கண் உள்ளவன் எப்படி விடுவான்? நீங்கள் இதே கூடத்தில் என்னிடம் அப்படித்தானே தோற்றீர்கள்! பாதி வாதத்தில் நான் காரணத்தை மாற்றினேன். நீங்கள் கவனிக்கவில்லை. கூடமே சிரித்தது."

"கவனித்தேன்" என்றார் ஐயாறனார்.

வெண்காடர் நிமிர்ந்தார்.

"உன் அம்மாவின் காரியம் முடிந்து நீ திரும்பிய முதல் நாள் அது."

வெண்காடர் மேல்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மூன்றாம் நாள் காலை மாமனார் வீட்டு வாசலில் நின்றார். உமைநங்கை கதவைப் பாதி திறந்தாள்.

"இரண்டு வருஷம் கழித்துத்தான் வழி தெரிந்ததோ?"

பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வெண்காடர் வாயைத் திறந்தார். மூடினார்.

"ஆமாம்" என்றார்.

உமைநங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் கலவரம் படர்ந்தது.

"உடம்புக்கு என்ன?" என்றாள்.