பேரீச்சம்பழத்துக்குப் போன ரீல்

ஒரு ஊர்ல, கடல் வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போற ஒரு ஊர்ல, ஒரு கோவக்காரி இருந்தா. ம் சொல்லு.

"ம்."

இப்படி உம்முனு இல்ல, வாயத் தொறந்து சொல்லு. சாயங்காலம் உங்க அண்ணன் எடுத்துட்டுப் போன உன் சைக்கிள் செயின் அறுந்து கிடந்தப்போ அவன ஒரு பார்வை பாத்தியே, அதே பார்வைதான் அவளுக்கும். பேரு தெக்லா.

தெக்லாவுக்கு மூணு அண்ணன்மாரு. குழந்தை ஏசுவப் பாக்க மூணு ராசாக்கள் வந்தாங்கல்ல, அந்தப் பேரையே அவங்க அம்மா ஆசை ஆசையா வச்சா. மூத்தவன் கஸ்பார், நடுவுல உள்ளவன் மெல்கியோர், கடைசி பல்தசார். அந்த ராசாக்கள் வரும்போது பொன்னும் சாம்பிராணியும் கொண்டு வந்தாங்க. இந்த ராசாக்கள் வந்தா, இருக்குறத எடுத்துக்கிட்டுத்தான் போவாங்க.

அப்போ, தெக்லாகிட்ட ஒரு ரீல் இருந்துச்சு. தையல் மெஷின் ரீல் இல்ல, தூண்டில் கம்புல மாட்டுற ரீல். அவ தாத்தாவுக்குக் கப்பல்காரன் ஒருத்தன் குடுத்தது. ரெண்டு கைக்குள்ள அடங்குற கனத்த பித்தளை. நடுவுல ஒரு உருளை, அது நிறைய தங்கூசி நரம்பு, அதான் தூண்டில் கயிறு. பக்கத்துல கைப்பிடி. கைப்பிடிக்குக் கீழ நட்சத்திரம் மாதிரி ஒரு திருகாணி. அத இறுக்குனா நரம்பு நிக்கும், தளத்துனா ஓடும். உள்ள சின்னதா ஒரு நாக்கும் உண்டு. மீன் இழுத்துக்கிட்டு ஓடுனா அந்த நாக்கு கத்தும் பாரு, கர்ர்ர்ர்ர்!

"கர்ர்ர்ர்."

அதேதான். அண்ணன்மாருக்குப் படகு இருந்துச்சு. பொம்பளைக்குப் படகுல என்ன வேலைன்னு இவள ஏத்த மாட்டாங்க. ஏத்தாட்டிப் போங்கடான்னு இவ ரீல எடுத்துக்கிட்டுக் கரும்பாறைக்குப் போவா. அங்க நின்னு விர்ர்ருனு வீசுவா, பிடிப்பா, தானே சந்தைக்குக் கொண்டு போய் விப்பா. ரீல் கையில இருக்குற வரைக்கும் அவ யாரு கையையும் பாக்க வேண்டாம். ரீல் போச்சுன்னா, அண்ணன்மாரு பிடிச்ச மீனக் கழுவி, உப்புப் போட்டு, காய வச்சு, அவங்க பாத்துக் குடுக்குறத வாங்கிக்கணும், சாகுற வரைக்கும். இப்போ புரியுதா, அந்த ரீல் அவளுக்கு என்னன்னு?

"ம்."

ரீலுக்கு அவ மூணு சட்டம் வச்சிருந்தா. மணல்ல வைக்கக்கூடாது. உப்போட தூங்க விடக்கூடாது, நல்ல தண்ணியில கழுவிடணும். திருகாணிய இறுக்குனபடி எடுத்து வைக்கக்கூடாது, தளத்தித்தான் வைக்கணும்.

அப்போ ஒரு நாள் கஸ்பார் வந்தான். "ஏட்டி தெக்லா, சும்மா ஒரு தடவ. நாளைக்குக் குடுத்துருதேன்."

"மாட்டேன்."

"கூடப் பொறந்தவனுக்கு இல்லாததா?"ன்னு கேட்டுக்கிட்டே எடுத்துட்டுப் போயிட்டான். போனவன் பீடி பத்த வைக்கணும்னு ரீல மணல்லயே வச்சான். ரீலுக்குள்ள மணல் போச்சு. சரக், சரக், சரக்.

அப்புறம் அவன்கிட்டருந்து மெல்கியோர் வாங்கிட்டுப் போனான். வந்ததும் அலுப்பா இருக்குன்னு ரீலக் கழுவாம மூலையில போட்டான். உப்பு பூத்துச்சு. ஒவ்வொரு ஆணிக்கும் தாடி முளைச்ச மாதிரி வெள்ளையா, பச்சையா.

அப்புறம் பல்தசார் எடுத்துட்டுப் போனான். அவன் பலசாலி. திருகாணிய நறநறன்னு இறுக்கி, மழைக்காலம் முழுக்க அப்படியே பரண்ல வச்சான். திருகாணிக்கு அடியில இருந்த தோல் வட்டு எல்லாம் நசுங்கி ஒட்டிக்கிச்சு.

ரீலச் சுத்திப் பாத்தாங்க. ம்ஹூம். அசையல.

மூணு ராசாவும் என்ன செஞ்சாங்க தெரியுமா? தெக்லா சந்தைக்குப் போன நேரம் பாத்து, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் குடுக்குறவன் வந்தான். டிங் டிங் டிங்! ரீலத் தூக்கி அவன் வண்டியில போட்டுட்டு, ஒரு பொட்டலம் பழத்த வாங்கிட்டாங்க.

"ஐயோ! தெக்லாகிட்டக் கேக்காமலா?"

கேப்பானுங்களா? தெக்லா வீட்டுக்கு வந்தா. மூணு பேரும் வரிசையா உக்காந்து மென்னுக்கிட்டு இருக்கானுங்க. தூ, தூ, தூன்னு கொட்டை முத்தத்துல விழுது.

"என் ரீல் எங்க?"

"அதான் ஓடலயே. சும்மாதானேட்டி கெடந்துச்சு," கஸ்பார் சொன்னான்.

"ஓடாமப் பண்ணுனது யாரு?"

"கோவப்படாத. உனக்கும் ரெண்டு பழம் எடுத்து வச்சோம்," மெல்கியோர் சொன்னான்.

"எங்க?"

"நான் தின்னுட்டேன்," பல்தசார் சொன்னான்.

தெக்லாவுக்குக் காது சூடாயிருச்சு. குனிஞ்சா. முத்தத்துலருந்து மூணு கொட்டைய எடுத்தா. முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. ஓடுனா பாரு, தட தட தடன்னு!

ஊர் எல்லையில வண்டியப் பிடிச்சுட்டா. "நில்லுய்யா! ரீலக் குடு!"

"அப்போ பழத்தக் குடு."

"பழம் மூணு வயித்துக்குள்ள இருக்கு. வீடு அந்தா தெரியுது, போய் எடுத்துக்க."

வண்டிக்காரன் பயந்துட்டான். "எனக்கெதுக்கும்மா வம்பு? பித்தளைக்குப் பித்தளை ஏதாவது குடுத்துட்டு எடுத்துக்கோ."

தெக்லா வீட்டுக்குத் திரும்பி ஓடுனா. அண்ணன்மாருக்குச் சோறு பொங்குற பெரிய பித்தளை அண்டாவத் தூக்குனா, குடுத்தா, ரீல வாங்கிட்டா. அன்னிக்கு ராத்திரி கைப்பிடி அளவு சட்டியில சோறு. "பத்தலயே"ன்னாங்க. "அதான் பேரீச்சம்பழம் தின்னீங்கல்ல"ன்னா. தூங்கிட்டியா?

"ம்ஹூம். அப்புறம்?"

அப்புறம் ரீலக் கழட்டணும். ஆணி வரமாட்டேங்குது, உப்பு இறுகிக் கிடக்கு. தெக்லா கோவத்துல கத்திய வச்சு ஒரு திருகு திருகுனா. சர்ர்ருனு வழுக்கி, ஆணித் தலையில ஒரு கீறல் விழுந்துச்சு. இன்னும் ரெண்டு தடவ இப்படித் திருகுனா தலை தேஞ்சுரும், அப்புறம் சாமி வந்தாலும் கழட்ட முடியாது. அவ கத்தியக் கீழ வச்சா. இந்தக் கோவத்த எங்கயாவது இறக்கிட்டுத்தான் ரீலத் தொடணும்னு தெரிஞ்சுக்கிட்டா.

எழுந்தா. அண்ணன்மாரு சட்டையெல்லாம் துவைக்கிற கல்லுக்கு எடுத்துட்டுப் போனா. இது கஸ்பாருக்கு, டமார்! இது மெல்கியோருக்கு, டமார்! இது பல்தசாருக்கு, டமார்! பட்டன் எல்லாம் டிக் டிக்குனு தெறிச்சு ஓடுது. அப்புறம் வந்து உக்காந்தா, கை நிதானமா இருக்கு. ஆணிக்கு ஆணி ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டா. காத்திருந்தா. மறுபடி விட்டா. மறுநாள் காலையில, அழுத்திப் பிடிச்சு மெதுவாத் திருப்புனா, க்ளிக். வந்துருச்சு! ஒவ்வொண்ணாக் கழட்டி, கழட்டுன வரிசையிலயே ஒரு வெள்ளத் துணியில வச்சா. அப்பதானே எது எங்கன்னு தெரியும்?

அப்புறம் மணல். உள்ள பல்லுச் சக்கரம் இருக்கு. பல்லுக்குப் பல்லு மணல். அதப் பாத்ததும் மறுபடி கோவம் வந்துச்சு. அம்மிக்குப் போனா. மிளகா வத்தல வச்சு கரகரன்னு அரைச்சா. அன்னிக்கு மீன் குழம்பு தின்ன மூணு ராசாவும் ஸ்ஸ், ஆ, ஸ்ஸ், ஆன்னு தண்ணிப் பானையச் சுத்தி ஓடுனாங்க. அவ வந்து, பழைய பல் பிரஷ எடுத்து, ஒவ்வொரு பல்லா விளக்குனா. பச்சைக் களிம்பப் புளி போட்டுத் தேச்சா. புளியையும் விடாம நல்ல தண்ணியில கழுவித் தொடச்சு, வெயில்ல காய வச்சு, பல்லுக்கு மட்டும் கொஞ்சமா கிரீஸ் தடவுனா.

அப்புறம் தோல் வட்டு. அதுதான் நசுங்கிப் போச்சே, புதுசு வேணும். நல்ல தோலுக்கு எங்க போறது? வாசலப் பாத்தா. அங்க கஸ்பார் திருநாளுக்குப் போட வாங்குன தோல் செருப்பு பளபளன்னு கிடந்துச்சு.

"ஹி ஹி ஹி."

சிரிக்காத, தூக்கம் போயிரும். கத்திரிக்கோலால வட்ட வட்டமா வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு, விளக்கெண்ணெயில ஊற வச்சு, ரீலுக்குள்ள அடுக்குனா. கஸ்பார் செருப்பப் போட்டான். குதிகால்ல நாலு ஓட்டை. "ஏட்டி, என்ன இது?"ன்னான். "சும்மா ஒரு தடவ எடுத்தேன்"ன்னா.

அப்போ எல்லாத்தையும் மாட்டி முடிச்சு, நரம்பப் பிடிச்சு லேசா இழுத்தா. கர்ர்ர்ர்ர்! தெக்லாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. கோவத்துலயா, சந்தோசத்துலயான்னு அவளுக்கே தெரியல.

விடிஞ்சதும் கரும்பாறைக்குப் போனா. ஒரு சின்னச் சாளை மீனக் கொக்கியில மாட்டி, கட்டைவிரல உருளை மேல லேசா வச்சு வீசுனா. விர்ர்ர்ருனு போய் பொளக்! கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. திடீர்னு கர்ர்ர்ர்ர்ர்! பெரிய பாறை மீனு. அந்தச் சத்தம் கரை முழுக்கக் கேட்டுச்சு. மூணு ராசாவும் பட்டன் இல்லாத சட்டையப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க.

மீன் ஓடுது. "இறுக்குட்டி!" கஸ்பார் கத்துனான். இறுக்குனா நரம்பு டப்புனு அறுந்துரும். அவ இறுக்கல. ஓட விட்டா. மீன் களைச்சு நின்னுச்சு, சுத்தி இழுத்தா.

மறுபடி ஓடுது. "அறிவில்ல உனக்கு? இறுக்கு!" மெல்கியோர் கத்துனான். அவ திரும்பிக்கூடப் பாக்கல. ஓட விட்டா, நின்னதும் இழுத்தா.

மூணாவது தடவையும் ஓடுது. பல்தசார் பாறைமேல ஏறியே வந்துட்டான். "தள்ளு, நான் பாத்துக்குதேன்"ன்னு திருகாணிக்குக் கைய நீட்டுனான். தெக்லா ரெண்டு கையையும் ரீல விட்டு எடுக்கல. முழங்கை ஒண்ணு குடுத்தா பாரு, தொபுக்கடீர்! பல்தசார் கடலுக்குள்ள.

அப்போ மீனும் களைச்சுருச்சு. இழுத்துக் கரையில போட்டா. அவ இடுப்பு உயரத்துக்கு இருந்துச்சு.

பல்தசார் சொட்டச் சொட்ட ஏறி வந்தான். மூணு பேரும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னாங்க. "ஏட்டி, சூப்பரா ஓடுதே. சும்மா ஒரு தடவ..."

தெக்லா முந்தானை முடிச்ச அவுத்தா. ஆளுக்கொரு கொட்டைய உள்ளங்கையில வச்சா.

"என்னட்டி இது?"

"என் ரீலுக்கு நீங்க வாங்குன விலை. கொண்டு போய் நடுங்க. முளைக்கட்டும், மரமாகட்டும், காய்க்கட்டும். பழத்தப் பறிச்சு அந்த வண்டிக்காரன்கிட்டக் குடுத்து, உங்களுக்கு ஒரு ரீல் வாங்கிக்குங்க. என்னுத எவனாவது தொட்டீங்க, அம்மி அங்கதான் இருக்கு."

வேற வழியில்லாம நட்டாங்க. முளைச்சுச்சு, மூணு மரமாச்சு. ஆனா மூணும் ஆண் மரம். இன்னிக்கு வரைக்கும் ஒரு காய் காய்க்கல. மூணு ராசாவும் குடம் குடமாத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்காங்க.

"அவ கோவம் போயிருச்சா?"

எதுக்குப் போகணும்? அது அவளோடது, பத்திரமா வச்சிருக்கா. ஆனா ராத்திரிக்கு இறுக்கி வைக்க மாட்டா. நாளைக்கு உங்க அண்ணன் செயினச் சரி பண்ணித் தரணும், உன் முன்னாடி உக்காந்து. நான் பாத்துக்குறேன். இப்போ பல்லக் கடிக்காத, கைய விரி. ம்... கதையக் கழுவியாச்சு, தொடச்சாச்சு, திருகாணியத் தளத்தியாச்சு. தூங்கு.